வௌவால் கடித்த பழமும் பத்து நாள் பாடமும்

2021 தைப்பொங்கல் காலை. சுங்கை ஊடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பே அடங்கிக் கிடந்தது. முதல் நாள்தான், ஜனவரி 13ஆம் தேதி, மலாக்கா மாநிலம் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்திருந்தது. தெரெண்டாக் இராணுவ முகாம் பக்கம் போகும் சாலையில் வண்டிச் சத்தம் இல்லை. அம்மா முன்வாசலில் மூன்று செங்கல் வைத்துத் தனியாக அடுப்பு மூட்டினார். நான் முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டை. அதை அவிழ்க்கக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது.

பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று அம்மா வாசலிலிருந்து சொல்ல, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு அவர் துடைப்பத்தோடு ஜம்பு மரத்தடிக்குப் போனார். இரவு விழுந்த பழங்கள் தரையெங்கும் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பாதி இல்லை, மீதிப் பாதியில் பல் பதிந்திருந்தது. பக்கத்திலேயே சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை, காய்ந்த பஞ்சு உருண்டைபோல.

"அணில் கடிச்சதா தம்பி, வௌவால் கடிச்சதா?"

அம்மா தோட்டப்புறத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி எங்களை வளர்த்தவர். அணில் கடித்த கொய்யாதான் இனிக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அன்று அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அடைந்து கிடந்த பத்து நாளில் அதற்குப் பதில் தேடிப் போனதில்தான், எங்கள் மாநிலத்தின் பெயரையே சுமக்கும் ஒரு வைரஸைச் சந்தித்தேன்.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

என் கதை சிறியது. ஜனவரி 10ஆம் தேதி சக ஊழியர் ஒருவரோடு நெடுநேரம் உட்கார்ந்து பேசினேன். மறுநாள் அவருக்குத் தொற்று உறுதியானது. 12ஆம் தேதி எனக்கு மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். தொற்று இல்லை. ஆனாலும் பட்டை கட்டி, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வீட்டுக் கண்காணிப்பு ஆணையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மைசெஜாத்ரா செயலியில் தினமும் உடல்நிலையைப் பதிய வேண்டும். இருபதாம் தேதிவரை வெளியே வரக் கூடாது.

"அதான் இல்லேன்னு வந்திருச்சே, அப்புறம் எதுக்கு அடைச்சு வைக்கிறாங்க?" என்று அம்மா கேட்டார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆணை எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. ஆணைக்குப் பின்னால் இருந்த காரணம் வந்து சேரவில்லை.

அந்தக் காரணத்தைத் தேடிப் படித்தேன். வைரஸ் உடலுக்குள் நுழைந்த அன்றே மூக்கில் வந்து உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு செல்லுக்குள் புகுந்து, தன்னைப் பல மடங்காகப் படியெடுத்து, அந்தச் செல்லை விட்டு வெளியேறி, அடுத்த செல்லுக்குப் போக அதற்கு நாள் பிடிக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 மார்ச்சில் 181 நோயாளிகளின் விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியும் நாள்வரை நடுமதிப்பாக 5.1 நாள். அறிகுறி வரப்போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் 11.5 நாளுக்குள் வந்துவிடும். உலகம் முழுக்கப் பேசப்பட்ட 14 நாளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருந்தன. மிச்சமிருக்கும் சிறு அபாயத்தை ஒரு தட்டிலும் அடைந்து கிடப்பவரின் கூலியையும் பிழைப்பையும் மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்து, 2020 டிசம்பரில் மலேசியா அதைப் பத்தாகக் குறைத்தது.

பரிசோதனைக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு, தொற்றிய ஒருவரைப் பி.சி.ஆர். பரிசோதனை எந்தெந்த நாளில் தவறவிடும் என்று பார்த்தது. முதல் நாளில் கிட்டத்தட்ட முழுக்கத் தவறவிடும். நான்காம் நாளில் நூற்றுக்கு 67 பேரைத் தவறவிடும். ஐந்தாம் நாளில் 38. எட்டாம் நாளில்தான் தவறு மிகக் குறையும். அப்போதும் நூற்றுக்கு 20 பேர் நழுவிவிடுவார்கள். எனக்குப் பரிசோதனை எடுத்தது இரண்டாம் நாள். அன்று வந்த 'இல்லை' என்ற பதிலுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. பொங்கல் அன்று நான்காம் நாள். அன்று எடுத்திருந்தாலும், எனக்குத் தொற்றியிருந்தால், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் அது பொய் சொல்லியிருக்கும்.

இதை அம்மாவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விதை போட்ட மறுநாள் தோண்டிப் பாத்தா முளை தெரியுமா, அது மாதிரிதானே?" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை. அவர் சமையலறைக்குப் போய், மளிகைக்கடை கொடுத்த முருகன் படக் காலண்டரில் 20ஆம் தேதியைப் பென்சிலால் சுழித்துவிட்டு வந்தார். கேஸ் மாற்றிய நாள், மருந்து வாங்க வேண்டிய நாள், பேரப்பிள்ளைகளின் ஊசி நாள் என்று எங்கள் வீட்டின் எல்லாக் கணக்கும் அந்தக் காலண்டரில்தான் இருக்கும்.

'கிருமி' என்ற ஒரே சொல்

அந்த நாள்களில் நம் பத்திரிகைகள் சில 'கோறனி நச்சில்' என்று எழுதின. தொலைக்காட்சியில் 'தொற்று' என்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் வைரஸ் என்றார்கள். வீட்டில் எல்லோரும் சொன்னது 'கிருமி'. சீழ் பிடிக்க வைக்கும் பாக்டீரியாவும் கிருமி, காய்ச்சல் தரும் வைரஸும் கிருமி. இந்த ஒரே சொல்லால் வந்த குழப்பம் சின்னதல்ல. பாக்டீரியா தனக்கென உடல் கொண்ட உயிர். தானாகத் தின்று தானாகப் பெருகும். அதைக் கொல்ல ஆன்டிபயாட்டிக் உண்டு. வைரஸுக்குச் சொந்த அடுப்பு கிடையாது. பிறர் சமையலறைக்குள் புகுந்து, அவர்கள் பாத்திரத்திலேயே தனக்குச் சமைத்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. 'போன தடவை கொடுத்த கிருமி மாத்திரை மிச்சம் இருக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டிய பாடம் இது.

கோவிட் வைரஸின் மொத்தக் குறிப்பும் ஏறக்குறைய 30,000 எழுத்துகள். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு நீண்ட வரி. அதைச் சுற்றிப் புரதம், அதற்கும் வெளியே கொழுப்பாலான ஓர் உறை, அந்த உறையில் முள்போல நீட்டிய புரதங்கள். சோப்பு கொழுப்பைக் கரைக்கும், உறை சிதையும், வைரஸ் செயலிழக்கும். இருபது நொடி கை கழுவச் சொன்னதன் காரணம் இதுதான்.

மூக்கிலிருந்து எடுத்ததில் அந்த 30,000 எழுத்தில் ஒரு சிறு துண்டு இருக்கிறதா என்றுதான் பி.சி.ஆர். தேடுகிறது. இருந்தால் அதை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். இருபது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேல். கண்ணுக்குத் தெரியாததைக் கருவி பார்க்கும் அளவுக்குப் பெருக்குவதுதான் அதன் வேலை. ஆனால் குச்சியில் ஒன்றும் ஏறி வரவில்லை என்றால் எத்தனை சுற்று ஓடினாலும் பெருக்க ஒன்றும் இருக்காது.

சிவகங்கை என்று பெயர் வைத்தார்கள்

இந்தக் கணக்குகளைப் படித்தபோது 2020இல் நடந்த ஒன்று புதிதாகப் புரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து ஒருவர் மலேசியா திரும்பினார். வந்து இறங்கியபோது எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை. வீட்டில் 14 நாள் தனித்திருக்க வேண்டியவர் அதை மீறி வெளியே போனார். பின்னர் எடுத்த பரிசோதனையில் தொற்று உறுதியானது. கெடாவில் தொடங்கிய அந்தத் தொற்றுத்திரளில் 45 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

ஆகஸ்ட் 16ஆம் தேதி சுகாதாரத் தலைமை இயக்குநர் டான்ஸ்ரீ நோர் ஹிஷாம் அப்துல்லா ஒரு செய்தி வெளியிட்டார். மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிவியலாளர்கள் நான்கு நோயாளிகளிடம் டி614ஜி என்ற மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். அவர்களில் மூவர் சிவகங்கைத் திரளைச் சேர்ந்தவர்கள், ஒருவர் உலு திராம் திரளைச் சேர்ந்தவர் என்றார். பத்து மடங்கு எளிதில் தொற்றக்கூடியது என்றும் எச்சரித்தார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அதன் பெயர் 'சிவகங்கை வைரஸ்'.

அந்தப் பெயர் நம் மக்களை எப்படிக் குத்தியது என்பது எனக்குத் தெரியும். ஊருக்குப் போய் வந்த குடும்பங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். சிவகங்கைப் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் அதைச் சொல்லத் தயங்கினார்கள். ஆனால் அறிவியல் சொன்னது வேறு. வைரஸின் முள் புரதம் 1,273 அமினோ அமிலங்களால் கோத்த மாலை. அதில் 614ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருந்த இடத்தில் கிளைசின் வந்து உட்கார்ந்தது. 30,000 எழுத்தில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு. இந்த மாற்றம் சிவகங்கையில் பிறந்ததல்ல. 2020 தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் பரவி, ஆண்டின் நடுவில் உலகின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. நம் ஆய்வகம் அதைக் கண்டுகொண்ட இடம்தான் சிவகங்கைத் திரள். ஆய்வுக்கூடத்தில் அது செல்களுக்குள் வேகமாகப் புகுந்தது உண்மை. தடுப்பூசிகளை அது வீணாக்கிவிடவில்லை என்பதும் பிறகு தெளிவானது.

நோய்களுக்கு ஊர்ப்பெயர், இனப்பெயர் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே கேட்டுக்கொண்டிருந்தது. 2021 மே மாதக் கடைசியில் புதிய வகைகளுக்கு ஆல்பா, பீட்டா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தது. ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த ஊர்க்காரர் வாயை மூடிக்கொள்வார். வாய் மூடினால் வைரஸ் நடக்கும்.

வாய் மூடுவதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. சக ஊழியரோடு நெடுநேரம் உட்கார்ந்து பேசினேன் என்றேனே, அது ஒரு தெரிந்த அண்ணனின் ஒட்டுக்கடையில். அவரே தே தாரிக் ஆற்றிக் கொண்டுவந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து முக்கால் மணிநேரம் பேசினார். சுகாதார அதிகாரி போனில் "எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம்" என்று கேட்டபோது, "அலுவலகத்தில்தான்" என்று சொல்லிவிட்டேன். பொங்கல் வியாபாரம் கெடுமே என்ற இரக்கம். அந்த இரக்கம் தவறு என்று எனக்குப் புரிய வைத்தது மலாக்காவின் ஒரு குடும்பம்.

மலாக்காவின் பெயரைச் சுமக்கும் வைரஸ்

2006 மார்ச். மலாக்காவில் 39 வயது ஆண் ஒருவருக்குக் கடும் காய்ச்சல், மூச்சுப்பாதைத் தொற்று. அவரிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை உலகம் பார்த்திராத ஒரு வைரஸ் வளர்ந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அதே வீட்டில் இன்னும் இருவருக்கு அதே போன்ற அறிகுறிகள். அவர்கள் இரத்தத்திலும் அதே வைரஸுக்கு எதிரான அடையாளம் இருந்தது. மருத்துவர் சுவா காவ் பிங் தலைமையிலான குழு அதற்கு 'மலாக்கா வைரஸ்' என்று பெயரிட்டு, 2007இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டது.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. எங்கிருந்து இந்த வைரஸ் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் குடும்பத்தாரிடம் விசாரித்தார்கள். தந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு வீட்டுக்குள் ஒரு வௌவால் வந்தது என்றார்கள். மறந்து போகக்கூடிய சின்ன விஷயம். நம் வீடுகளில் இரவில் வௌவால் வந்து விளக்கைச் சுற்றுவதும், துடைப்பத்தை ஆட்டி விரட்டுவதும், மறுநாளே மறப்பதும் வழக்கம். அந்தக் குடும்பம் மறக்கவில்லை. கேட்டபோது மறைக்கவும் இல்லை.

அந்த ஒரு தகவல் பூட்டுக்குச் சாவியானது. வைரஸின் எழுத்துகளைப் படித்தபோது, அது 1999இல் தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களிடம் கண்டெடுத்த 'புலாவ் வைரஸ்' என்பதற்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. புலாவ் என்றால் தீவு. பிறகு தியோமான் தீவில் தாமாக முன்வந்த 109 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 14 பேரிடம் இந்த வைரஸ்களுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. அவர்கள் உடலுக்குள் இப்படி ஒன்று எப்போதோ வந்து போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

ஆர்த்தோரியோ வைரஸ் என்ற இந்த வகை மனிதருக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது என்றுதான் அதுவரை மருத்துவ உலகம் நினைத்திருந்தது. அதன் ஒரு பிரிவு வௌவாலிடமிருந்து மனிதருக்கு வந்து மூச்சுப்பாதை நோய் தரும் என்று முதலில் காட்டியது மலாக்காவின் அந்த வீடு.

கட்டுரையைப் படித்து முடித்தபோது பொங்கல் இரவு மணி பதினொன்று. பெயர் தெரியாத அந்தக் குடும்பம் ஒரு வௌவாலைக்கூட நினைவில் வைத்துச் சொல்லியிருக்கிறது. நான் ஒரு மனிதரை மறைத்திருக்கிறேன். மறுநாள் காலை முதல் வேலையாக அதிகாரிக்குப் போன் செய்து ஒட்டுக்கடையைச் சொன்னேன். பிறகு அந்த அண்ணனுக்கும்.

நிப்பா ஆறு

சுங்கை என்றால் ஆறு, ஊடாங் என்றால் இறால். எங்கள் ஊரிலிருந்து மஸ்ஜித் தானா வழியாக வடக்கே போய், லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டம். அங்கே இன்னொரு ஆற்றின் பெயரில் ஒரு சிற்றூர்: சுங்கை நிப்பா. உலகத்தை இன்றும் அச்சுறுத்தும் நிப்பா வைரஸுக்கு அந்த ஊரின் பெயர்தான்.

1998 செப்டம்பர் இறுதியில் பேராக்கின் கிந்தா பகுதியில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது கொசுவால் பரவுவது. ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மாதங்கள் ஓடின. பன்றிகளை லாரியில் ஏற்றித் தெற்கே விற்றார்கள். நோயும் லாரியோடு தெற்கே வந்து, சிக்காமாட்டிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் சுங்கை நிப்பாவிலும் ஆட்களை வீழ்த்தியது. சீனர்களோடு, பண்ணைகளில் வேலை செய்த இந்தியர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

கண்ணெதிரே குறிகள் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைக் கையாண்ட வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு எல்லோரையும் கடிக்கும்; ஆனால் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றிகளே நோயுற்றிருந்தன. குரைப்பதுபோல இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் என்பதால் 'ஒரு மைல் இருமல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. பண்ணைத் தொழிலாளிகள் அதை நாள்தோறும் கேட்டார்கள். அவர்கள் கேட்ட இருமல் நோய்க்கான காரணமாகக் கணக்கில் ஏற மாதங்கள் பிடித்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாம் சாய் கிட்டின் துறையில் பணியாற்றிய இதே சுவா காவ் பிங்தான், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அந்த வைரஸை வளர்த்தெடுத்தார். நுண்ணோக்கியில் செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெரிய திட்டுகளாகக் கிடந்தன. மாதிரியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுபோனார். அது 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் உறவு என்று அங்கே உறுதியானது. கொசுவுக்கு இதில் பங்கே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன, இராணுவமும் இறங்கியது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்தார்.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? சுவாவின் குழு தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, விடியற்காலையில் அவை கழிக்கும் சிறுநீரைச் சேகரித்தது. கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கியது. இரண்டிலும் நிப்பா வைரஸ் கிடைத்தது. பண்ணைகளில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே பழமரங்கள் நின்றன. வௌவால் மேலே தின்றது, எச்சில் பழம் கீழே விழுந்தது, பன்றி அதைத் தின்றது. அம்மாவின் கேள்விக்கு விடை அந்த விரிப்பில் கிடந்தது.

இருபது ஆண்டு கழித்து, 2018 மே மாதம், இதே நிப்பா கேரளத்தின் கோழிக்கோட்டில் தலைகாட்டியது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இருவருக்கு மூளைக்காய்ச்சல் என்றதும் மருத்துவர்கள் உஷாரானார்கள். இரண்டாவது நோயாளி வந்த சில நாள்களுக்குள் மணிப்பால் ஆய்வகம் நிப்பா என்று சொல்லிவிட்டது. தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். பேராம்பிராவில் முதல் நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி உட்பட 17 உயிர்கள் போயின. ஆனால் நோய் சில வாரங்களில் நின்றது. இங்கே பல மாதம் எடுத்ததை அங்கே சில நாளில் கண்டார்கள். நிப்பா என்ற பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தது ஒரு காரணம். வீட்டில் யார் யாருக்கு, எப்போது என்று முதலிலேயே கேட்டது இன்னொரு காரணம்.

நம்மை வாழவைத்த மரத்துக்கும் இதே சட்டம்

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்களில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் மறுபடியும் காத்திருந்துதான் நம் முன்னோர்களில் பலர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். காரணம் சொல்லப்படாமல் அடைக்கப்பட்ட அந்த நாள்களின் கசப்பு, 'அடைத்து வைத்தல்' என்ற சொல்லில் இன்னும் இருக்கிறது.

அதற்கு முந்தைய வழக்கம் ஒன்றும் உண்டு. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வர மாட்டார். படுத்திருப்பவருக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம். மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று நாள் எண்ணித் தலைக்கு ஊற்றிய பிறகுதான் வெளியே நடமாட்டம். மாரியம்மன் பேரில் நம் பெண்கள் காத்த ஒழுங்கில் ஒரு நல்ல தனிமைப்படுத்தல் இருந்தது. அங்கே யாரும் நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்றார்கள்.

மலாக்காக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது மூன்றாவது கதை. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் போட்டார். அந்த மரத்தின் பூர்வீகம் அமேசான். 1876இல் ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அமேசானில் ரப்பர் இலைகளைக் கருக்கி உதிர்க்கும் ஒரு பூஞ்சை உண்டு. விதையாகப் பயணம் செய்ததால் அந்தப் பூஞ்சை கூடவே வரவில்லை. அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலிலேயே பெரிய ரப்பர் தோட்டம் தொடங்கினார். நெருக்கமாக நட்ட மரங்களை அந்த நோய் தின்றது, 1945இல் கைவிட்டார்கள். ஆசியாவுக்குள் அது வராமல் இருக்கத் தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகொடிகளுக்கு இன்றும் கடுமையான தடுப்பு விதிகள் உண்டு.

அம்மா முப்பது ஆண்டு வெட்டிய மரம், அதில் வடிந்த பால், அந்தக் கூலியில் நான் படித்த படிப்பு எல்லாம் ஒரு நோயை எல்லையிலேயே நிறுத்தி வைத்ததன் பலன். இதைச் சொன்னதும் அம்மா என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். அதன்பிறகு 'அடைச்சு வச்சிருக்காங்க' என்று அவர் சொல்லிக் கேட்கவில்லை.

முதல் சாட்சி வீடு

இத்தனையும் படித்ததில் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். புதிய வைரஸை முதலில் பார்ப்பது ஆய்வகம் இல்லை. ஒரு வீடு, ஒரு பண்ணை, ஒரு தாய். பன்றி வேறு மாதிரி இருமுகிறது, வௌவால் உள்ளே வந்தது, அப்பாவுக்கு வந்த ஆறேழு நாளில் பிள்ளைக்கும் வந்தது என்று பார்ப்பது அவர்கள்தான். அவர்கள் பார்த்ததைச் சொன்னால், கேட்பவர் காதில் வாங்கினால், அறிவியல் தொடங்கும். அவர்கள் வெட்கத்தாலோ பயத்தாலோ மறைத்தால் ஆய்வகம் இருட்டில் தேடும்.

ஆகவே, ஆணைகளை மட்டும் தமிழில் பெயர்த்துப் போட்டால் போதாது. ஆணைக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் நம் மக்களுக்கு நம் மொழியில் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் மலாக்கா வைரஸும் சுங்கை நிப்பாவும் இடம்பெற வேண்டும். அவை நம் ஊர்க் கதைகள். தொற்று விசாரிக்க வரும் அதிகாரியிடம் உண்மையைச் சொல்பவரை ஊர் ஒதுக்காமல் மதிக்க வேண்டும்.

வௌவாலைக் கண்டால் மரத்தை வெட்டுவதும் கூட்டைக் கொளுத்துவதும் பாடமாகாது. வைரஸைத் தேடி விரிப்பு விரித்த அதே தியோமான் தீவில், அதே இன வௌவால்கள்தான் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன என்று மலேசிய ஆய்வாளர் ஷீமா அப்துல் அசிஸின் குழு 2017இல் காட்டியது. வௌவால் போனால் டுரியானும் குறையும். பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்பது, கடிபட்டதைக் குழியில் போடுவது, பன்றிக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகைக்கு மேல் பழமரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, வீட்டுக்குள் வந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிடுவது. இவ்வளவே நாம் செய்ய வேண்டியது.

பத்து நாளும் பக்கத்து வீட்டு மக்சிக் எங்கள் கேட்டில் பை மாட்டிவிட்டுப் போனார். நாசி லெமாக், ஒரு நாள் கறிவேப்பிலை, ஒரு நாள் முட்டை. இருபதாம் தேதி மாலை பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். எனக்கு எதுவும் வரவில்லை. ஒட்டுக்கடை அண்ணனும் அதே நாளில் வெளியே வந்தார். அவருக்கும் பரிசோதனையில் தொற்று இல்லை. கடை திறந்த அன்று போனேன். பொட்டலம் மட்டும்தான், உட்கார அனுமதி இல்லை. தேநீரைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "பொங்கல் வியாபாரம் போனா போகுது தம்பி. அந்த நாலு நாளும் வீட்டுல எங்க அப்பாவுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தது நான்தான். முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

அதற்கு நான் தலை குனிந்துதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜம்பு மரத்தடியைக் கூட்டி, கடிபட்ட பழங்களைக் குழியில் தள்ளி மண் மூடியிருந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, காலண்டர் முன் நின்று பென்சிலைத் தேடினார். சுழித்திருந்த 20ஐ அடித்துவிட்டு, பொங்கல் நாளுக்குத் திரும்பி, தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த கையெழுத்தில், கட்டத்துக்குள் அடங்கும்படி சிறியதாக எழுதினார்: 'வௌவால். மரத்தடி.'